பெரிய வண்டி வாங்கும் முன்: சேஸிஸ் எஸ்யூவியும் மோனோகாக் எஸ்யூவியும்

சென்ற மாதம் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின், அத்திப்பட்டில் நமக்குப் பழக்கமான சகோதரர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் நம் அருகே வந்து அமர்ந்தார். சவூதியில் ஒரு வீட்டில் 14 ஆண்டுகள் ஹவுஸ் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருப்பவர். "ஹஜ்ரத், செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபார்ச்சூனர் பாத்து வச்சிருக்கேன். சேஸிஸ் வண்டி, இரும்பு மாதிரி இருக்கும். கையில இருக்கறது போக மிச்சத்துக்கு லோன் போடணும். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

வட்டியைப் பற்றி நாம் என்ன சொல்வோம் என்பது அவருக்கே தெரியும். கேட்கும்போதே அது அவர் முகத்தில் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வியும் இருந்தது. அவர் கையில் உள்ள ரொக்கத்துக்கே ஒரு நல்ல, புதிய நடுத்தர எஸ்யூவி கிடைத்துவிடும். கடன் வாங்கியாவது பழைய ஃபார்ச்சூனர்தான் வேண்டும் என்று ஏன் நினைக்கிறார்? கேட்டோம். "அதெல்லாம் தகர டப்பா ஹஜ்ரத்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்த 'இரும்பு', 'தகர டப்பா' பேச்சு அவருடையது மட்டுமல்ல. ஊருக்கு ஊர் திருமண வீட்டு வாசலிலும் டீக்கடையிலும் இதைக் கேட்கலாம். லட்சக்கணக்கில் பணம் போகிற விஷயம் என்பதால், இது எவ்வளவு உண்மை என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்பது நல்லது. மதரஸாவிலும் பிறகு கலைக் கல்லூரியிலும் படித்த நமக்கு இன்ஜினியரிங் தெரியாது. ஆனால் நாம் இருக்கும் இடம் அப்படி. வல்லூர் சந்திப்பில் பத்து நிமிடம் நின்றால் காமராஜர் துறைமுகத்துக்குக் கார் ஏற்றிச் செல்லும் நீண்ட ட்ரெய்லர் லாரிகள் வரிசையாகக் கடக்கும். நம் பள்ளிக்கு வரும் இளைஞர்களில் சிலர் கார் தொழிற்சாலைகளிலும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனிகளிலும் வேலை செய்பவர்கள். அவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறோம்.

கூண்டு வண்டியும் தகர டின்னும்

பழைய கூண்டு மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். அச்சின் மேல் நீளவாக்கில் கனமான மரச்சட்டங்கள் இருக்கும். பாரத்தைத் தாங்குவது அவைதான். அவற்றின் மேல் கூண்டைத் தனியாகக் கட்டுவார்கள். கூண்டைக் கழற்றி வைத்துவிட்டால் அதே வண்டியில் வைக்கோல் ஏற்றலாம், நெல் மூட்டை ஏற்றலாம்.

சேஸிஸ் எஸ்யூவியின் அமைப்பும் இதேதான். இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். மேலிருந்து பார்த்தால் ஏணி போலத் தெரியும். ஆங்கிலத்திலும் அதை ஏணிச் சட்டகம் என்றே அழைக்கிறார்கள். என்ஜின், கியர் பெட்டி, அச்சு, ஸ்பிரிங் எல்லாம் இந்த ஏணியில் பொருத்தப்படும். நாம் உட்காரும் பாடி தனியாகச் செய்யப்பட்டு, இடையில் ரப்பர் வைத்து, போல்ட் போட்டு மேலே பூட்டப்படும். பொலேரோ, ஸ்கார்பியோ, தார், ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா, இசுசு எம்யூ-எக்ஸ், ஃபோர்ஸ் கூர்கா, மாருதி ஜிம்னி எல்லாம் இந்த வகை. லாரி, பஸ், டாடா ஏஸ் கூட இதே குடும்பம்தான். வல்லூரில் நாம் பார்க்கும் அந்த ட்ரெய்லரும் சேஸிஸ் வண்டியே. அதன் முதுகில் ஏறிப்போகும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குச் சேஸிஸ் கிடையாது என்பது வேடிக்கை.

மோனோகாக் என்பது வேறு வழி. இங்கே தனியாக ஒரு ஏணி இல்லை. தரை, பக்கத் தூண்கள், கூரை எல்லாம் அழுத்தி வார்த்த எஃகுத் தகடுகள். அவற்றை ஆயிரக்கணக்கான இடங்களில் வெல்டிங் செய்து ஒரே கூடாக ஆக்கிவிடுகிறார்கள். மூடி இறுக்கிய ஒரு தகர எண்ணெய் டின்னைக் கையால் முறுக்கிப் பாருங்கள், முடியாது. மேல் தகட்டை வெட்டி எடுத்துவிட்டு முறுக்கினால் கோணிவிடும். தகடு அதே தகடுதான். மூடிய வடிவமே அதற்கு வலுவைக் கொடுத்தது. க்ரெட்டா, நெக்ஸான், பிரெஸ்ஸா, எக்ஸ்யூவி 700, செல்டோஸ் எல்லாம் இப்படித்தான் நிற்கின்றன. ஆகவே நம் சகோதரர் சொன்ன 'தகர டப்பா' ஒரு வகையில் சரியான சொல்தான். ஆனால் அவர் நினைத்த அர்த்தத்தில் அல்ல.

ஒருகாலத்தில் எஸ்யூவி என்றாலே சேஸிஸ்தான். ராணுவ ஜீப்பின் வாரிசுகள் அவை. அமெரிக்காவில் 1984 மாடலாக வந்த ஜீப் செரோக்கி மோனோகாக் உடலோடு வந்தது. 1994-ல் டொயோட்டா ஆர்ஏவி4 வந்தது. கார் போல ஓடும், ஜீப் போல உயரமாக நிற்கும். இன்று உலகச் சந்தையில் பெரும்பகுதி அந்த வழியில்தான் போய்விட்டது. சேறு, மலை என்று பேர் வாங்கிய லேண்ட் ரோவர் டிஃபெண்டரே 2020-ல் சேஸிஸைக் கைவிட்டது. நம் நாட்டில் 1998-ல் சேஸிஸ் வண்டியாக வந்த டாடா சஃபாரி, 2021-ல் அதே பெயரில் திரும்பி வந்தபோது மோனோகாக்காக வந்தது. சென்னையைச் சுற்றி மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரகடத்தில் 2012-ல் டஸ்டர், மறைமலை நகரில் 2013-ல் எக்கோஸ்போர்ட், ஸ்ரீபெரும்புதூரில் 2015-ல் க்ரெட்டா என்று வரிசையாக மோனோகாக் வண்டிகள் புறப்பட்டன. க்ரெட்டா மட்டும் 2024 தொடக்கத்திற்குள் உள்நாட்டில் 10 லட்சத்தைத் தாண்டியது.

அப்படியானால் சேஸிஸ் வண்டி செத்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 2022 ஜூலையில் ஸ்கார்பியோ-என் வண்டிக்கு முன்பதிவு திறந்த அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிவு செய்ததாக மகேந்திரா அறிவித்தது. இத்தனைக்கும் அதே கம்பெனியின் அதே ஷோரூமில், கிட்டத்தட்ட அதே என்ஜின் குடும்பத்தோடு, எக்ஸ்யூவி 700 என்ற மோனோகாக் வண்டியும் அப்போது நின்றது. பார்க்கப்போனால் பல வசதிகள் அதில்தான் அதிகம்.

அம்பாசிடரை மறந்துவிட்டோம்

"நம்ம ரோட்டுக்குச் சேஸிஸ்தான் தாங்கும்" என்பார்கள். மீஞ்சூரிலிருந்து வல்லூர் வரை கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட சாலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதற்கு நாம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. நம் தந்தையர் காலத்தில் இதைவிட மோசமான சாலைகளில், கல்யாணத்துக்குப் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு, மேலே கேரியரில் பாத்திரம் பண்டம் கட்டிக்கொண்டு ஓடிய வண்டி எது? அம்பாசிடர். அமைச்சரும் அதில்தான் போனார், கலெக்டரும் அதில்தான் போனார், டாக்ஸி ஸ்டாண்டிலும் அதுதான் நின்றது. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அதை இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி தயாரித்தது.

அந்த அம்பாசிடர் மோனோகாக் வண்டி. அதன் மூலமான இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கே தனிச் சேஸிஸ் கிடையாது. பத்மினி என்று நாம் அழைத்த பிரீமியர் ஃபியட்டுக்கும் இல்லை. நம் சமுதாயத்தின் பழைய டாக்ஸி டிரைவர்கள் பலரிடம் இதைச் சொன்னபோது நம்பவே மறுத்தார்கள். "அம்பாசிடர் மாதிரி இரும்பு உண்டா ஹஜ்ரத்?" என்றார்கள். தடித்த தகடு, சாதாரணப் பட்டறையிலேயே பழுது பார்க்க முடிந்த எளிமை, அதில் ஏறிப்போனவர்களின் பதவி, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த 'இரும்பு' என்ற பெயரைக் கொடுத்தன. அடியில் ஏணி இருக்கிறதா என்று ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

திருவள்ளூர் சொல்லும் கதை

இதே இந்துஸ்தான் மோட்டார்ஸ் நம் மாவட்டத்திலும் ஒரு தொழிற்சாலை வைத்திருந்தது. 1998-ல் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்துத் திருவள்ளூரில் லான்சர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. 2002-ல் அங்கே பஜேரோ வந்தது. டக்கர் பந்தயத்தில் பலமுறை வென்ற பெயர். மொத்தம் 12 வெற்றிகள் அந்தப் பெயருக்கு உண்டு. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் 'பஜேரோ' என்றால் வண்டியின் பெயராக மட்டும் இருக்கவில்லை. ஒருவருடைய அந்தஸ்தைச் சொல்ல அந்த ஒரு சொல் போதும் என்ற நிலை இருந்தது.

இதில் சுவையான ஒரு விஷயம் உண்டு. ஜப்பானில் மிட்சுபிஷி 1999-லேயே பஜேரோவின் தனிச் சேஸிஸை எடுத்துவிட்டு, சட்டங்களை உடலோடு இணைத்த மோனோகாக் அமைப்புக்கு மாறிவிட்டது. நம் திருவள்ளூரில் 2002-ல் பூட்டத் தொடங்கியது அதற்கு முந்தைய தலைமுறைச் சேஸிஸ் பஜேரோவை. வாங்கியவர்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை. பிறகு 2008 வாக்கில் அவுட்லேண்டர் என்ற மோனோகாக் வண்டியும் அதே தொழிற்சாலையிலிருந்து வந்தது. வசதியான, நாகரிகமான வண்டி. பஜேரோவின் பெயரில் நூறில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. இன்று அவுட்லேண்டர் என்றால் எத்தனை பேருக்கு நினைவு வரும்? 2012-ல் மறுபடியும் சேஸிஸ் வகையில் பஜேரோ ஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார்கள். 2013 இறுதியில் இசுசுவின் எம்யூ-7 என்ற சேஸிஸ் எஸ்யூவியையும் ஒப்பந்த முறையில் அங்கேதான் பூட்டினார்கள். இசுசு 2016-ல் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறந்து போய்விட்டது.

பிறகு அந்தத் திருவள்ளூர் தொழிற்சாலை கை மாறிய கதையும் இதோடு சேர்ந்தது. 2017-ல் பிரான்சின் பியூஜோ–சிட்ரோயன் குழுமம் இந்துஸ்தான் மோட்டார்ஸின் உரிமையாளர்களான சி.கே. பிர்லா குழுமத்தோடு சேர்ந்தது. அதே ஆண்டு 'அம்பாசிடர்' என்ற பெயரையும் 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. (அந்தப் பெயரை வைத்து இன்றுவரை ஒரு கார் கூட வரவில்லை.) 2021 ஏப்ரலில் அங்கிருந்து சி5 ஏர்கிராஸ் என்ற மோனோகாக் எஸ்யூவி வெளிவந்தது.

இங்கேதான் நம் சகோதரரின் ஃபார்ச்சூனர் கதைக்குள் வருகிறது. சி5 ஏர்கிராஸின் தொடக்க விலை 29 லட்சத்து 90 ஆயிரம். அதே ஆண்டு ஜனவரியில் புதுப்பித்து வந்த ஃபார்ச்சூனரின் தொடக்க விலை 29 லட்சத்து 98 ஆயிரம். ஒரே பணம். ஒரு பக்கம், பள்ளத்தில் இறங்கினால் அதிர்வை விழுங்கும் ஹைட்ராலிக் குஷன் வைத்த, சோஃபா போன்ற இருக்கை கொண்ட, நம் மாவட்டத்துத் தொழிலாளர்கள் பூட்டிய வண்டி. மறுபக்கம், லாரி போல் ஆடிக்கொண்டு போகும் ஃபார்ச்சூனர். எது சாலையில் அதிகம் தெரிகிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. சி5 ஏர்கிராஸை ஷோரூமுக்கு வெளியே பார்த்தவர்கள் நம்மில் சிலரே இருப்பார்கள்.

நியாயமாகச் சொல்வதானால், எல்லாம் சேஸிஸால் வந்த வேறுபாடு அல்ல. சிட்ரோயன் நம் மக்களுக்குப் புதிய பெயர், ஷோரூம்கள் சில பெரிய நகரங்களில் மட்டும் இருந்தன, ஐந்து பேர்தான் உட்காரலாம். டொயோட்டாவுக்கு குவாலிஸ், இன்னோவா சம்பாதித்து வைத்த நம்பிக்கை இருந்தது. மறுவிற்பனை விலையும் இருந்தது. ஆனாலும் 30 லட்சம் கொடுக்கும் ஒருவர் சொகுசைவிடத் தோரணைக்கே பணம் கொடுக்கிறார் என்பதை இந்த இரண்டு வண்டிகளும் சேர்ந்து காட்டிவிட்டன.

அந்தத் தொழிற்சாலை இன்று சி3, பசால்ட் போன்ற மோனோகாக் வண்டிகளைத் தயாரிக்கிறது. 2024 ஏப்ரலில் அங்கே செய்த 500 மின்சார சி3 கார்கள் நம் காமராஜர் துறைமுகம் வழியாக இந்தோனேசியாவுக்குக் கப்பலேறின. உலகம் வாங்குவது என்ன, நம் ஊர் ஆசைப்படுவது என்ன என்பது அத்திப்பட்டுச் சாலையிலேயே தெரிகிறது: ட்ரெய்லரில் போவது மோனோகாக், அதை ஹாரன் அடித்து ஓவர்டேக் செய்து போவது ஸ்கார்பியோ.

எதற்கு இந்த ஆசை?

மகேந்திராவுக்கு இதற்கு விடை தெரிந்திருக்கிறது. 2020 அக்டோபரில் புதிய தார் வந்தபோது அது ஃபோர் வீல் டிரைவ் வண்டி. காட்டிலும் மணலிலும் போக வேண்டியவர்களுக்கானது என்றுதான் விளம்பரம். 2023 ஜனவரியில் அதே தாரைப் பின்சக்கரம் மட்டும் இயங்கும் வகையில், சிறிய டீசல் என்ஜினோடு, 9 லட்சத்து 99 ஆயிரத்தில் தொடங்கும் விலையில் கொண்டுவந்தார்கள். காட்டுக்குப் போகும் திறனைக் கழற்றிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வாங்கக் கூட்டம் குறையவில்லை.

அதே 2023 ஜூனில் மாருதி ஐந்து கதவு ஜிம்னியைக் கொண்டுவந்தது. ஏணிச் சட்டகம் உண்டு, எல்லா வகையிலும் ஃபோர் வீல் டிரைவ் உண்டு. மலையேறுவதில் பெரிய வண்டிகளுக்குச் சவால் விடும். ஆனால் உருவம் சிறியது, அகலம் குறைவு. நம் நாட்டில் அது எடுபடவில்லை. இங்கே செய்த அதே ஜிம்னியை ஜப்பானில் 2025 தொடக்கத்தில் விற்பனைக்கு அறிவித்தபோது, நான்கே நாளில் ஏறக்குறைய 50,000 பேர் பதிவு செய்து, கம்பெனி பதிவையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. சேஸிஸும் ஃபோர் வீலும்தான் நம்மவர்களின் உண்மையான தேவை என்றால் ஜிம்னி ஏன் ஷோரூமில் தூங்கியது?

உயர்ந்த பானெட், அகன்ற முகம், எதிரே வருபவர் கொஞ்சம் ஒதுங்கும் அந்தக் கணம். கட்சிக் கொடி கட்டிய வெள்ளை வண்டிகள் முன்னால் மூன்று, பின்னால் நான்கு என்று போவதைப் பார்த்துப் பார்த்து நம் கண் அதற்குப் பழகிவிட்டது. வளைகுடாவிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே லேண்ட் குரூசரும் பேட்ரோலும் அந்த நாட்டு மக்களின் வண்டிகள். நம் சகோதரர்கள் பெரும்பாலானோர் வேலைக்குப் போனது ஹையேஸ் வேனில். லேண்ட் குரூசரில் உட்கார்ந்தவர்கள் என்றால் அதன் டிரைவர்கள்தான். இந்தச் சகோதரர் 14 ஆண்டுகள் இன்னொருவருடைய லேண்ட் குரூசரைக் கழுவித் துடைத்து ஓட்டியவர். ஊரில் தன் பெயரில் அப்படி ஒன்று நிற்க வேண்டும் என்று அவர் நினைப்பதைப் பெருமையடிப்பு என்று சட்டெனத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. நம்மில் பலர் இப்படிப்பட்ட இடத்தில் 'இஸ்ராஃப்' என்ற சொல்லை அவசரமாக எடுத்துவிடுகிறோம். அவர் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

ஆனால் அந்த ஆசையை அவர் 'இரும்பு', 'பாதுகாப்பு' என்ற பெயரில் சொல்லும்போது, கணக்கைச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

கனமான வண்டி என்றால் பாதுகாப்பா?

குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்திய வண்டிகளைச் சுவரில் மோதவிட்டு நட்சத்திரம் கொடுத்து வந்தது. 2016-ல் ஏர்பேக் இல்லாத பழைய ஸ்கார்பியோவைச் சோதித்தார்கள். சேஸிஸ் வண்டிதான், கனமான வண்டிதான். பெரியவர் பாதுகாப்பில் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம். 2018-ல் டாடா நெக்ஸான், நான்கு மீட்டருக்கும் குறைவான மோனோகாக் வண்டி, ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் செய்த வண்டிகளில் முதன்முதலாக அந்த மதிப்பைப் பெற்றது அதுதான். 2022 இறுதியில் ஸ்கார்பியோ-என் சேஸிஸோடு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2024-ல் பொலேரோ நியோ, அதுவும் சேஸிஸ், ஒரே நட்சத்திரத்தில் நின்றது.

இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும். ஏணி இருப்பதாலோ இல்லாததாலோ உயிர் பிழைப்பதில்லை. மோதும்போது வண்டியின் முன்பகுதி நொறுங்கி அந்த வேகத்தை விழுங்க வேண்டும், உள்ளே மனிதர் இருக்கும் அறை நொறுங்காமல் நிற்க வேண்டும். மோதிய பின் பானெட் அப்பளம் போல் நொறுங்கியிருப்பதைப் பார்த்து "தகரம்" என்கிறோம். அது நொறுங்குவதற்காகவே செய்யப்பட்டது. முன்பகுதி நொறுங்காத வண்டியில் அந்த அதிர்ச்சி உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் வந்துவிடும்.

உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஏணிக்கு மேல் பாடியை வைப்பதால் எடை உயரத்துக்குப் போகிறது; திருப்பத்தில் வண்டி அதிகம் சாயும். திடீரென்று வளைத்தால் புரளும் ஆபத்தும் அதிகம். மின்னணுக் கட்டுப்பாட்டு வசதியான ஈஎஸ்சி இருக்கிறதா என்று பார்க்காமல் உயரமான பழைய வண்டி வாங்குவதை நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம். பள்ளிவாசல் தெருவில், மதரஸா விடும் நேரத்தில், அந்த உயர்ந்த பானெட்டுக்கு முன்னால் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை டிரைவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் கேட்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் பகுதி எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது சேஸிஸ் வண்டி தப்பிக்கும் என்று ஒரு நம்பிக்கை. தண்ணீரில் வண்டியைக் காப்பாற்றுவது தரையிலிருந்து அதன் உயரமும், என்ஜின் காற்று இழுக்கும் குழாய் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதும்தான். அந்தக் குழாய் வழியே தண்ணீர் உள்ளே போனால் ஃபார்ச்சூனர் என்ஜினும் போய்விடும். நின்றுபோன வண்டியை அந்த இடத்திலேயே மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாலும் கேட்டை முழுமையாக்குகிறது.

சேஸிஸ் யாருக்கு?

இவ்வளவும் சொன்னதால் சேஸிஸ் வண்டி வீண் என்று ஆகிவிடாது. பாரம் ஏற்றுபவருக்கு, பின்னால் ட்ரெய்லர் இழுப்பவருக்கு, ஒரு சக்கரம் பாறையிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலுமாகத் தினமும் போக வேண்டியவருக்கு அதுதான் சரி. தினமும் பன்னிரண்டு பேரை ஏற்றி மலைக்கிராமத்துக்குப் போகும் பொலேரோவின் இடத்தில் க்ரெட்டாவை வைக்க முடியாது. ஒரே ஏணியின் மேல் பிக்கப், ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி என்று எதையும் கட்டலாம். சிறிய விபத்துகளில் பாடியைத் தனியாகச் சரிசெய்வது எளிது. மோனோகாக்கில் அடி தூண் வரை போய்விட்டால், தேர்ந்த பட்டறையில் இழுத்து, வெட்டி, வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும், அப்படியும் பழைய வலு வருமா என்பது கை வேலையைப் பொறுத்தது. ஆனால் சேஸிஸே வளைந்துவிட்ட பழைய வண்டியை மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து விற்பதும் நடக்கிறது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் ரேம்பில் ஏற்றி அடியில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

டொயோட்டா இரண்டு கடையையும் திறந்து வைத்திருக்கிறது. டாக்ஸிக்காரர்கள் கேட்கிறார்கள் என்று டீசல் சேஸிஸ் இன்னோவா கிரிஸ்டாவை விற்கிறது. குடும்பத்துக்கு என்று மோனோகாக் இன்னோவா ஹைகிராஸையும் 2022 இறுதியில் அறிமுகப்படுத்தி விற்கிறது.

அரசின் வரியும் அடியில் குனிந்து பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்கும் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். அதனால் சேஸிஸ் பொலேரோ 18-ல் வருகிறது, மோனோகாக் க்ரெட்டா 40-ல் போகிறது.

இதையெல்லாம் நம் சகோதரரிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அவரிடம் நாம் கேட்டது, வண்டி எங்கெங்கே போகப்போகிறது என்று. மீஞ்சூர் கடைத்தெரு, பொன்னேரி, மாமியார் வீடு பழவேற்காடு, ஆண்டுக்கு இரண்டு முறை ஆம்பூர். மாதம் ஒருமுறை தாயாரைச் சென்னையில் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். எல்லாம் தார்ச்சாலை. தாயாருக்கு என்ன என்று கேட்டோம். "முட்டி வலி ஹஜ்ரத், ரெண்டு காலும். ஆட்டோல ஏறவே கஷ்டப்படுவாங்க."

ஃபார்ச்சூனரின் படியில் அவரால் ஏற முடியுமா என்று பார்த்தீர்களா என்று கேட்டோம். சகோதரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. லேண்ட் குரூசரில் அந்த வீட்டு முதியவரைத் தான் கை கொடுத்துத் தூக்கித்தான் ஏற்றுவேன் என்று பிறகு சொன்னார். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாயாரையும் கூட்டிக்கொண்டு இரண்டு வண்டியையும் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார்.